பாஸ்வேர்டு கொடுத்தது அவ, படம் போட்டது யாரு?

கேள்வி:

டீச்சர் வணக்கம். நான் பினாங்கு பிறையில ஃபேக்டரியில ஷிஃப்டு வேலை பாக்குறேன், என் மக ஃபோம் டூ படிக்கிறா. போன வாரம் புதன்கிழமை அவ வகுப்பு கூகல் கிளாஸ்ரூம்ல கணக்கு டீச்சரோட போட்டோவ அசிங்கமா மாத்தி, கீழ மலாய்ல கெட்ட வார்த்தை எழுதி யாரோ போட்டுட்டாங்க, ஆனா பேரு என் மக பேரு. மத்தியானம் 2.50க்கு போட்டதாம், அந்த நேரம் இவ கோகோவுல, அதான் புறப்பாட நடவடிக்கையில, நெட்பால் ஆடிக்கிட்டு இருந்தேன்னு சொல்லி அழுறா. பாஸ்வேர்டு அவ ஃப்ரெண்டு ஒருத்திக்குத் தெரியுமாம், வீட்டுல ஒரே ஹேண்ட்போன்தான், அது என்கூட வேலைக்கு வந்துரும், அதனால வீட்டுப்பாடத்த அந்தப் பொண்ணு வழியா அனுப்புவாளாம், இது எனக்கு இப்பதான் தெரியும். டிசிப்ளின் டீச்சரு 'நான்தான் செஞ்சேன்'னு சூராட் அக்குவான் எழுதிக் கையெழுத்துப் போட்டா சின்னதா முடிச்சிரலாம்னு சொல்றாரு. எனக்கு அந்தப் பொண்ணு மேல போலிஸ் ரிப்போட் போடணும்னு இருக்கு. ஃபோம் ஃபைவ்ல எழுதுற எஸ்பிஎம் பரீட்சை முடியிற வரைக்கும் இவளுக்கு இன்டர்நெட்டே கிடையாதுன்னும் சொல்லிட்டேன். நான் செய்யுறது சரியா?

பிறையிலிருந்து ஒரு அப்பா

பதில்:

அண்ணே வணக்கம். அவசரமானத முதல்ல சொல்லிடுறேன், மத்தத அப்புறம் பேசலாம். செய்யாத ஒன்ன செஞ்சேன்னு எழுதி உங்க மக கையெழுத்துப் போடக்கூடாது. சின்னதா முடிஞ்சிரும்னு சொல்றது அந்த டீச்சரு நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாரு, பசங்க விஷயத்த பெருசாக்காம முடிக்கணும்னு பள்ளியில எல்லாருக்குமே இருக்கும், ஆனா அந்த லெட்டர் ஃபைல்ல போய் உக்காந்துரும், ஒழுங்கு சம்பந்தப்பட்ட கேஸ எல்லாம் பள்ளியில எஸ்எஸ்டிஎம் சிஸ்டத்துல பதியுறாங்க, அதுல 'ஆசிரியரை அவமதித்தது'ன்னு ஒரு வரி ஏறிருச்சுன்னா அப்புறம் வந்து "அது நான் இல்ல சார்"னு சொன்னா, நீதானேமா எழுதிக் கொடுத்தன்னு கேப்பாங்க. அதனால நாளைக்கே போய், ஏற்கனவே பதிஞ்சாச்சா, என்ன குற்றம்னு பதிஞ்சிருக்கு, இத மட்டும் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

ஆனா வெறும் கையோடயும் போகக்கூடாது அண்ணே. அவ ஒரு லெட்டர் எழுதட்டும், உண்மையான லெட்டர். என் பாஸ்வேர்ட நான் இன்னாருக்கு, சுமாரா இந்த மாசத்துலேர்ந்து, வீட்டுப்பாடம் அனுப்புறதுக்காகக் கொடுத்திருந்தேன், அது தப்பு, அந்தப் படத்த நான் போடல, 2.50க்கு நான் நெட்பால் கோர்ட்ல இருந்தேன், இவ்வளவுதான். செஞ்சதுக்கு மன்னிப்பு, செய்யாததுக்கு விளக்கம். நான் பினாங்குல இடைநிலைப்பள்ளியில ஐசிடி பொறுப்பையும் கம்ப்யூட்டர் லேப்பையும் பாத்துக்குற ஆளு, இந்த மாதிரி கேஸ் வரும்போது முழுசா மறுக்குற பிள்ளைய விட தன் பங்க தானா முன்னாடி வச்சு சொல்லுற பிள்ளைய நம்புறதுதான் எங்களுக்கு சுலபமா இருக்கும்.

இப்ப அந்த 2.50 விஷயம். இது உங்க கையில இருக்குற பெரிய சாட்சி, ஆனா ஒரு வாரம் ஓடிப்போச்சு, சீக்கிரம் பிடிக்கணும். நெட்பால் பயிற்சிக்கு வருகைப் பதிவு இருக்கும், கோகோ டீச்சர் கையெழுத்தோட, அத கேளுங்க. லேப்ல ஒரு லாக் புக் இருக்கணும், எந்த வகுப்பு, எந்த நேரம், யாரு எந்த கம்ப்யூட்டர்ல உக்காந்தாங்கன்னு, கோகோ நேரத்துல யாரு லேப்ப தொறந்து கொடுத்தாங்கன்னும் அதுல தெரியும். அப்புறம் கூகல் அக்கவுன்ட்லயே செக்யூரிட்டின்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல 'யுவர் டிவைசஸ்'ன்னு போனா கடைசி சில வாரமா அந்த அக்கவுன்ட் எந்தெந்த போன்ல, எந்த கம்ப்யூட்டர்ல, என்னைக்கு தொறந்திருந்துச்சுன்னு வரிசையா காட்டும். உங்க ஹேண்ட்போன் அதுல ஒண்ணு, பள்ளி கம்ப்யூட்டர் இருக்கலாம், உங்களுக்கே தெரியாத ஒரு போனும் இருக்கலாம். அந்தப் பக்கத்த மேலேர்ந்து கீழ வரைக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. எடுத்துட்டு, அதுக்கு அப்புறமா பாஸ்வேர்ட மாத்துங்க. இந்த வரிசை முக்கியம் அண்ணே, எல்லாரும் பதறிப்போய் மொதல்ல பாஸ்வேர்ட மாத்தி தெரியாத மெஷின எல்லாம் தட்டி வெளியேத்திடுறாங்க, அப்புறம் எது எப்ப எங்க தொறந்திருந்துச்சுன்னு காட்டுறது கஷ்டமாயிடும். இது கல்வி அமைச்சு பிள்ளைங்களுக்குக் கொடுக்குற டெலிமா அக்கவுன்ட்டுங்குறதால உங்களால மாத்த முடியலன்னா பள்ளியில டெலிமா அட்மினா இருக்குற ஆசிரியர் ரீசெட் பண்ணித் தருவாரு, அஞ்சு நிமிசத்து வேலை.

அந்தப் படத்த வகுப்பு டீச்சர் அழிச்சிருப்பாங்க, அழிக்கத்தான் வேணும். ஆனா கிளாஸ்ரூம்ல அழிச்ச போஸ்ட்ட டீச்சருங்க மட்டும் திரும்பப் பாக்க முடியும், செட்டிங்ஸ்ல 'ஷோ டெலிட்டட் ஐட்டம்ஸ்'னு ஒரு பட்டன் இருக்கு, அத ஆன் பண்ணா தெரியும். நேரத்த அங்க சரி பாக்கச் சொல்லுங்க. 2.50ன்னு உங்களுக்கு யாரு சொன்னது, பசங்க சொன்னதா இல்ல டீச்சரு பாத்து சொன்னதா? உங்க மகளோட முழு வாதமும் அந்த நேரத்து மேலதான் நிக்குது, அது 1.50ன்னு இருந்துச்சுன்னா கதை வேற.

அடுத்து அந்த ஃப்ரெண்டு. நீங்க லெட்டர்ல அந்தப் பொண்ணுதான் செஞ்சான்னு முடிவே பண்ணிட்டீங்க, ஆனா நீங்க எழுதுனத திரும்பத் திரும்பப் படிச்சேன், அவதான்னு சொல்ல அதுல ஒண்ணுமே இல்ல, பாஸ்வேர்டு தெரியும்ங்குறத தவிர. உங்க மகளோட அக்கவுன்ட்டுக்குள்ள போறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பாஸ்வேர்டு. இன்னொண்ணு, அவளே காலையில லேப்ல தொறந்துட்டு மூடாம வந்தது. இந்த ரெண்டாவத நான் லேப்ல தினமும் பாக்குறேன். மணி அடிச்ச உடனே பசங்க பைய தூக்கிக்கிட்டு அந்த எக்ஸ் பட்டன அமுக்கிட்டு ஓடுவாங்க, ஜன்னல மூடிட்டா வெளியே வந்துட்டோம்னு நினைப்பு, அடுத்து அங்க உக்காருற பையன் குரோம தொறந்தான்னா மேல வலது பக்கம் சின்ன வட்டத்துக்குள்ள முன்னாடி இருந்தவளோட பேரு முதல் எழுத்து அப்படியே நிக்கும், மெயிலு, கிளாஸ்ரூமு, டிரைவு எல்லாம் தொறந்த வீடா கிடக்கும். அவனுக்கு பாஸ்வேர்டே தேவையில்ல. குரோம் "பாஸ்வேர்ட சேவ் பண்ணட்டுமா"ன்னு கேக்கும்போது யோசிக்காம ஆமான்னு அமுக்குற பிள்ளைங்களும் இருக்காங்க, பொது கம்ப்யூட்டர்ல அப்படி சேவ் பண்ணிட்டா நாளைக்கு வர்றவனுக்கும் அதுவே தொறந்து விட்டுரும்.

அதனால இன்னைக்கு ராத்திரி மகள பக்கத்துல உக்கார வச்சு கோவம் இல்லாம கேளுங்க. புதன்கிழமை காலையில லேப்புக்குப் போனியா, எந்த இடத்துல உக்காந்த, எப்படி வெளியே வந்த. திங்கள் செவ்வாய்? இதுக்கு அவ சொல்லுற பதில்லதான், ஃப்ரெண்ட சந்தேகப்படலாமா இல்ல அன்னைக்கு லேப்ல இருந்த முப்பது பேருல யாரா வேணும்னாலும் இருக்கலாமான்னு தெரியும். அது தெரியுற வரைக்கும் அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல போய் நிக்காதீங்க. ஒரே பள்ளி, ஒரே தாமான், கோயில் திருவிழாவுல மூஞ்சி பாக்கணும். உங்க மக மேல ஆதாரம் இல்லாம பழி வந்துச்சுன்னுதானே உங்களுக்கு இவ்வளவு வேதனை, அதே மாதிரி இன்னொரு வீட்டுப் பிள்ளை மேலயும் போட்டுரக்கூடாது.

போலிஸ் ரிப்போட் பத்தி. கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு, நான் தடுக்கல, ஆனா என்ன கொடுக்கப் போறீங்கன்னு தெரிஞ்சு கொடுக்கணும். மலேசியாவோட 1997 கம்ப்யூட்டர் குற்றச் சட்டத்துல 3வது பிரிவு, அனுமதி இல்லாம ஒருத்தர் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குறத தொறக்குறது, 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம் இல்ல 5 வருசம் வரைக்கும் ஜெயிலு இல்ல ரெண்டும். அதே சட்டத்துல 6வது பிரிவு, பாஸ்வேர்ட கொடுக்கக் கூடாதவங்களுக்குக் கொடுக்குறது, அதுக்கும் 25,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 3 வருசம் வரைக்கும் ஜெயிலுன்னு இருக்கு. பதினாலு வயசுப் பிள்ளைய இதுக்காக யாரும் இழுத்துட்டுப் போகப் போறதில்ல, பயப்படாதீங்க, ஆனா நீங்க கொடுக்குற ரிப்போட்ல ரெண்டாவது வரியே 'என் மக பாஸ்வேர்டு கொடுத்தா'ன்னுதான் வரும். படத்த போட்டதுக்கு 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்துல 233வது பிரிவு இருக்கு, முந்தி 50,000 வெள்ளி, ஒரு வருசம்னு இருந்தது 2025 பிப்ரவரியில 500,000 வெள்ளி, ரெண்டு வருசம்னு ஏறிப்போச்சு. நம்ம நாட்டுல 10 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை செய்யுறது குற்றம் ஆகாது, 10லேர்ந்து 12 வரைக்கும் புரிஞ்சு செஞ்சானான்னு பாப்பாங்க, அதுக்கு மேல போயிட்டா சின்னப் பிள்ளைன்னு சொல்லி தப்பிக்க முடியாது, சிறுவர் நீதிமன்றம்னு வேற இடத்துல விசாரிப்பாங்க அவ்வளவுதான். உங்க மக, அந்த ஃப்ரெண்டு, யாரு செஞ்சிருந்தாலும் ஃபோம் டூ பிள்ளைங்க, எல்லாருமே அந்தக் கோட்ட தாண்டிட்டவங்க.

இத நான் பயமுறுத்த எழுதல. இணையத்துல ஒருத்தர அசிங்கப்படுத்துறத சும்மா விளையாட்டுன்னு பாத்த காலம் முடிஞ்சிருச்சு, அது முடிஞ்சதுக்கு நம்ம சமூகமே பெரிய விலை கொடுத்திருக்கு. 2024 ஜூலையில கோலாலம்பூர்ல நம்ம பொண்ணு ஒருத்தி, டிக்டாக்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சவ, ஆன்லைன்ல தொடர்ந்து திட்டு வாங்கி உயிர விட்டா, அந்தக் கேஸ்ல ஒருத்தருக்கு வந்த அபராதம் வெறும் 100 வெள்ளி. நூறு வெள்ளி அண்ணே. நம்ம ஆளுங்க எவ்வளவு கொதிச்சாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கு அப்புறம்தான் தண்டனைச் சட்டத்துல பகடிவதைக்குன்னே 507பி-லேர்ந்து புதுப் பிரிவுங்கள சேத்து 2025 ஜூலை 11 அமலுக்குக் கொண்டு வந்தாங்க. போட்டோவ மாத்துறதும் அப்படித்தான், 2025 ஏப்ரல்ல ஜோகூர் கூலாய்ல கூடப் படிக்கிற பொண்ணுங்க படத்த ஏஐ வச்சு ஆபாசமா மாத்தினதா 16 வயசுப் பையன் ஒருத்தன போலிஸ் பிடிச்சுது, நியூஸ்ல எல்லாம் வந்துச்சு.

அதனால எப்ப ரிப்போட் போடணும்னா, மிரட்டல் வந்தா, காசு கேட்டா, பெரிய ஆளு யாராச்சும் பிள்ளைகிட்ட நைசா பேச்சுக் கொடுத்தா, உடம்பு சம்பந்தப்பட்ட படம் எதுவும் வந்தா, பள்ளியில சொல்லியும் நிக்காம தொடர்ந்து நடந்தா, அப்ப ஒரு நாள் கூட தள்ளாதீங்க. அதுலயும் பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையோட அந்த மாதிரி படம்னா சாட்சிக்குன்னு சொல்லிக்கூட வாட்சாப்ல யாருக்கும் அனுப்பாதீங்க, 2017ல வந்த சிறுவர் பாலியல் குற்றச் சட்டத்துல அத வச்சிருக்குறதும் பரப்புறதுமே குற்றம், போன கையில எடுத்துக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. பிள்ளை மனசு உடைஞ்சு போயிருந்தா அரசாங்க உதவி லைன் தாலியான் காசே 15999, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க. அக்கவுன்ட்ட யாரோ பிடிச்சு வச்சுக்கிட்டு திரும்பக் கிடைக்கலன்னா இணையப் பிரச்சினைக்கு உதவுற சைபர்999, நம்பர் 1-300-88-2999. இப்ப உங்க கேஸ் இதுல எதுவும் இல்ல, பள்ளிக்குள்ளேயே விசாரிச்சு முடிக்க வேண்டிய கேஸ். பள்ளி விசாரிக்க மாட்டேன்னா அப்புறம் யோசிப்போம்.

இன்டர்நெட்ட நிறுத்துறேன்னு சொன்னீங்க பாருங்க, அதுலதான் எனக்கு உங்க கூட ஒத்துப்போகல, கொஞ்சம் நேராவே பேசுறேன் தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மக ஏன் பாஸ்வேர்டு கொடுத்தா? ஆம்பளப் பையன் கேட்டான்னு கொடுக்கல, கெத்துக்குக் கொடுக்கல. டீச்சரு சாயங்காலத்துக்குள்ள கிளாஸ்ரூம்ல போடுன்னு சொல்றாங்க, வீட்டுல ஒரு ஹேண்ட்போன், அது அப்பாகூட ஃபேக்டரியில, அப்பா வர்றதுக்கு ராத்திரி பதினோரு மணி. அவ நோட்டுல எழுதுன கணக்க ஃப்ரெண்டு போன்ல படம் புடிச்சு ஃப்ரெண்டே இவ அக்கவுன்ட்ல ஏத்திட்டா. வீட்டுப்பாடம் செய்யாம விட்டிருந்தாத்தான் தப்பு, இவ செஞ்சிட்டு அத கொண்டு சேக்க வழி தேடியிருக்கா. வழி தப்பு, தேடுனது தப்பில்ல. இப்ப நீங்க இன்டர்நெட்ட முழுசா நிறுத்திட்டா டீச்சரு வீட்டுப்பாடத்த நிறுத்துவாங்களா? இன்னும் மூணு வருசத்துக்கு அவ என்ன செய்வா, இன்னொருத்தி போன தேடிப் போவா, ஆனா இந்தத் தடவ உங்களுக்குத் தெரியாம போவா.

இந்தப் பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா எம்சிஓ, அந்தக் கோவிட் ஊரடங்கு காலம்தான். 2020 மார்ச்ல பள்ளிங்கள மூடுனாங்க, ஜூன்ல கல்வி அமைச்சு டெலிமாவ கொண்டு வந்துச்சு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐடி வந்துச்சு, ஆனா ஃபிளாட் வீட்டுல மூணு பிள்ளைக்கு ஒரு போன். அண்ணன் அக்கவுன்ட்ல தம்பி, மாமா மக அக்கவுன்ட்ல பக்கத்து வீட்டுப் பிள்ளை, அம்மா எல்லார் பாஸ்வேர்டையும் ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருப்பாங்க. அப்ப அது உதவி, நாங்களே ஒண்ணும் சொல்லல. அந்தப் பிள்ளைங்கதான் இப்ப இடைநிலைப்பள்ளியில இருக்காங்க, பாஸ்வேர்டுன்னா பென்சில் மாதிரி கேட்டா கொடுக்குற சாமான்னு மனசுல பதிஞ்சு போச்சு. பொம்பளப் பிள்ளைங்ககிட்ட இன்னும் ஒரு படி மேல, பெஸ்ட் ஃப்ரெண்டுன்னா பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கணும், கொடுக்கலன்னா "அப்ப என்ன நம்பலையா"ன்னு சண்டை. உங்க மகளுக்கு இத சொல்லிக் கொடுங்க: உன் ஐசிய, அடையாள அட்டைய, ஃப்ரெண்டுகிட்ட ஒரு மாசத்துக்குக் கொடுத்து வைப்பியா? மாட்ட, எவ்வளவு உயிர் ஃப்ரெண்டா இருந்தாலும் மாட்ட, அவளும் கேக்க மாட்டா. இதுவும் உன் பேரு போட்ட அட்டைதான்.

அதனால வீட்டுல என்ன செய்யலாம். முதல்ல வகுப்பு டீச்சருகிட்ட, எங்க வீட்டுல ஒரே ஹேண்ட்போன், நான் ஷிஃப்டுல இருப்பேன்னு நீங்களே போய் சொல்லுங்க. பிள்ளைங்க இத சொல்லவே சொல்லாது, வெக்கம். வகுப்புல யாருகிட்ட போன் இல்லன்னு கேட்டா கை தூக்காது, தலைய குனிஞ்சுக்கும், டீச்சரு எல்லாருகிட்டயும் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு சாயங்காலம் ஆறு மணின்னு டைம் வைப்பாங்க. சொன்னா பெரும்பாலும் மறுநாள் காலையில நோட்டுலயே வாங்கிக்குவாங்க, இல்ல ரெசஸ்ல லேப்ப தொறந்து விடுவாங்க. செபராங் ஜெயாவுல பினாங்கு பொது நூலகம் இருக்கு, பிறையிலேர்ந்து தூரமில்ல, சனிக்கிழமை கூட்டிட்டுப் போலாம். பக்கத்துல நாடி மையம் இருக்கான்னும் விசாரிங்க, முந்தி பெடின்னு சொல்லுவாங்களே அதுதான், கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருக்கும். அப்புறம் நீங்க லீவு நாளுல, இல்ல காலை ஷிஃப்டுல இருக்குற வாரத்துல, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஹேண்ட்போன் அவளோடதுன்னு வச்சிருங்க, ரூம்ல கதவ சாத்திக்கிட்டு இல்ல, ஹால்ல உக்காந்து. யூட்யூபும் கொஞ்சம் பாக்கட்டும், பரவாயில்ல. நீங்க திரும்ப வாங்கும்போது அவ அக்கவுன்ட்லேர்ந்து வெளியே வந்துட்டு கொடுக்கணும், இது நிபந்தனை. வீட்டுல அப்பா போன்ல வெளியே வந்து பழகுன பிள்ளை லேப்லயும் வருவா.

புது பாஸ்வேர்டு அவளே வைக்கட்டும், நீங்க கூட கேக்காதீங்கன்னு சொல்லத்தான் ஆசை, ஆனா இந்த வயசுல பெத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்குறது தப்பில்ல, ஒரு தாள்ல எழுதி மடிச்சு அம்மா பீரோவுல வச்சிருங்க, தேவைன்னா மட்டும் தொறப்பேன், தொறந்தா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் தொறப்பேன்னு வாக்கு கொடுங்க, கொடுத்த வாக்க காப்பாத்துங்க. பொறந்த தேதி, ஐசி நம்பர், காடி நம்பர் இதெல்லாம் வேணாம். சம்பந்தமே இல்லாத மூணு நாலு தமிழ் வார்த்தைய இங்கிலிஷ் எழுத்துல சேத்து எழுதினா நீளமாவும் இருக்கும், மறக்கவும் மறக்காது. எக்சர்சைஸ் புத்தகத்துப் பின்னட்டையில எழுதி வைக்கக் கூடாது, எத்தனையோ புத்தகத்துல பாத்திருக்கேன்.

நீங்க எழுதுனதுல ஒரு ஆள காணோம் அண்ணே, கோச்சுக்காதீங்க. அந்தக் கணக்கு டீச்சர். முப்பது நாப்பது பிள்ளைங்க பாக்குற இடத்துல அவங்க மூஞ்சிய அசிங்கமா மாத்திப் போட்டிருக்காங்க, அதுல பாதிப் பேரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேற குரூப்புக்கு அனுப்பியிருப்பாங்க, அடுத்த நாள் காலையில அவங்க அதே வகுப்புல போய் நின்னு அல்ஜிப்ரா நடத்தியிருக்காங்க. உங்க மக போடல, நான் நம்புறேன், இருந்தாலும் அவ அக்கவுன்ட் வழியா நடந்துச்சு, அதனால அவ தனியா போய் அந்த டீச்சர பாத்து, 'டீச்சர் நான் போடல, ஆனா என் பாஸ்வேர்ட நான் பாத்துக்கல, உங்களுக்கு இப்படி ஆனது எனக்குக் கஷ்டமா இருக்கு'ன்னு சொல்லட்டும். யாரும் சொல்லிக் கொடுத்த மாதிரி இல்லாம, அவ வார்த்தையிலயே. நீங்க கூட போனா வாசல்லயே நில்லுங்க. அந்தப் படம் யாரு போன்லயாச்சும் இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சா அத அழிக்கச் சொல்லிக் கேக்குறதும் அவ வேலைதான்.

பள்ளிக்காரங்க யாராச்சும் இத படிச்சா அவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்திதான். நம்ம லேப் சுவத்துல லேமினேட் பண்ணி ஒட்டியிருக்குற விதிங்கள பாருங்க, சப்பாத்த கழட்டு, சாப்பிடாத, தண்ணி கொண்டு வராத, ஏர்கோன தொடாத, சத்தம் போடாத. எல்லாம் மெஷின காப்பாத்துறதுக்கு. அந்த மெஷினுக்கு முன்னாடி உக்காருற பிள்ளைய காப்பாத்துறதுக்கு ஒரு வரி இருக்கான்னு தேடுங்க. உக்காந்த உடனே வலது மூலையில இருக்குற எழுத்து உன்னோடதா பாரு, இல்லன்னா எதையும் தொடாம டீச்சர கூப்பிடு. எழுந்திரிக்குறதுக்கு முன்னாடி லாக்அவுட் பண்ணு, ஜன்னல மூடுறது லாக்அவுட் ஆகாது. பாஸ்வேர்டு டீச்சருக்குக் கூட சொல்லாத. இந்த மூணு வரி போதும், மலாய்லயும் தமிழ்லயும் எழுதி ஒட்டலாம். மணி அடிக்குறதுக்கு ரெண்டு நிமிசம் முன்னாடியே பாடத்த நிறுத்தி எல்லாரையும் ஒரே நேரத்துல வெளியே வரச் சொல்லிட்டு, நடந்து போய் ஒவ்வொரு ஸ்கிரீனையும் பாத்தா பாதிப் பிரச்சினை அங்கேயே தீந்துரும். லாக் புக்க யாரும் எழுதுறதில்லன்னா இந்த மாதிரி ஒரு நாள்ல ஒரு பிள்ளைக்காக நாம பேச நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது. பேரு இருக்கு, ஆக நீதான்னு சொல்லி ஒரு பிள்ளைய எழுதி வாங்குறது விசாரணை இல்ல.

கடைசியா, யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சு, அது அந்த ஃப்ரெண்டுதான்னு ஆச்சுன்னா? அப்பவும் கவுன்சலர் ரூம்ல, ரெண்டு வீட்டுப் பெத்தவங்களும் உக்காந்து, அந்தப் பொண்ணு என்ன கோவத்துல செஞ்சான்னு கேளுங்க. இந்த வயசுல பிள்ளைங்க மூணாவது ஆள அடிக்க இன்னொருத்தர் பேர எடுத்துக்கும், சில நேரம் டீச்சரு மேல கோவமே இருக்காது, உங்க மக மேலதான் இருந்திருக்கும், நெட்பால் டீம்ல எடுக்காதது, வேற ஒருத்திகூட ரெசஸ்க்குப் போனது, இப்படி ஏதாச்சும். அந்த ஃப்ரெண்ட்ஷிப்ப உங்க மக தொடரணுமா வேணாமான்னு அவளே முடிவு பண்ணட்டும், நீங்க தடை போட வேணாம்.

பள்ளிக்குப் போறப்ப வாயால மட்டும் சொல்லிட்டு வராதீங்க. ஒரு பக்கத்துல மலாய்ல எழுதுங்க, பெற்றோர் ஆசிரியர் சங்கம் பி.ஐ.பி.ஜி.யில தெரிஞ்சவங்க இருந்தா எழுதித் தருவாங்க: என்ன நடந்துச்சு, மக என்ன ஒத்துக்குறா, எத மறுக்குறா, நீங்க கேக்குறது மூணு, நெட்பால் வருகைப் பதிவு, லேப் லாக் புக்கு, கிளாஸ்ரூம் போஸ்ட்டோட நேரம். மக லெட்டரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பின்னாடி சேத்து பிரின்சிபல் பேருக்குக் கொடுங்க. ஆபிஸ்ல தேதியோட சாப் போடச் சொல்லி ஒரு காப்பி கையில வச்சுக்குங்க, ரெண்டு வாரத்துல பதில் வரலன்னா அதே காப்பியோட மாவட்ட கல்வி இலாகாவுக்குப் போகலாம்.